மோர்பாத் பங்கின் கணக்கேடு

கோவில் கணக்கேடு படித்துச் சுவைப்பதற்கென எழுதப்படும் நூலன்று. மெழுகுக்கு இவ்வளவு, மணிக் கயிற்றுக்கு இவ்வளவு, கூரைப் பழுதுக்கு இவ்வளவு என்று நீளும் அதன் பக்கங்களைப் பொறுப்பு மாறும் நாளில் ஒருமுறை புரட்டிவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டுவதே எங்கும் உள்ள வழக்கம். ஆயினும், இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்தைச் சேர்ந்த மோர்பாத் என்னும் சிற்றூரின் கோவில் கணக்கேடு இவ்வாறு மறைந்துபோகவில்லை. 1520 முதல் 1573 வரை ஏறத்தாழ முழுவதும் ஒரே பங்குக் குருவின் கையெழுத்தில் எழுதப்பட்ட அவ்வேடு, ஒரு நாடே தன் சமயத்தை மாற்றிக்கொண்ட கதையை ஓர் ஏழைக் கிராமத்தின் வாசற்படியில் நின்று நமக்குச் சொல்கிறது.

1904-ஆம் ஆண்டில் அவ்வூரின் ஆங்கிலிக்கன் குருவாயிருந்த எர்ஸ்கின் பின்னி என்பவர் இதனை அச்சேற்றினார். ஆய்வாளர் சிலரே அறிந்திருந்த இந்த ஏட்டை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவரும் கத்தோலிக்க வரலாற்றறிஞருமான ஈமன் டஃபி 2001-இல் வெளியிட்ட நூல் உலகறியச் செய்தது. அரசர்களின் ஆணைகளையும் ஆயர்களின் வாதங்களையும் கொண்டு அந்நூற்றாண்டின் வரலாற்றை நாம் பலமுறை படித்திருக்கிறோம். அந்த ஆணைகள் வந்து சேர்ந்த இடத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை இந்தக் கணக்கேடு காட்டுகிறது.

ஊரும் குருவும்

எக்ஸ்மூர் என்னும் மேட்டு நிலத்தின் தென்விளிம்பில், மழையும் குளிரும் மிகுந்த சரிவுகளில் அமைந்த ஊர் மோர்பாத். அந்நாளில் அங்கு 33 குடும்பங்கள். ஏறத்தாழ 150 பேர். ஊருக்குள் பெருநிலக்கிழார் எவரும் குடியிருக்கவில்லை. அருகிலிருந்த பார்லிஞ்ச் அகுஸ்தீனார் துறவு மடமே நிலத்திற்கு உரிமையுடையது. மக்களின் பிழைப்பு பெரும்பாலும் ஆடுகளை நம்பியிருந்தது. ஊர்க் கோவில் புனித ஜார்ஜியார் பெயரால் விளங்கியது.

இவ்வூருக்கு 1520-இல் பங்குக் குருவாக வந்தவர் கிறிஸ்டோபர் டிரிக்கி. அதே டெவனில் கல்ம்ஸ்டாக் என்னும் ஊரில் பிறந்தவர். அவர் பெயருக்கு முன் 'சர்' என்னும் அடைமொழி காணப்படும். அது அரசர் அளித்த பட்டமன்று. பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெறாத குருக்களை மரியாதையாக அழைக்கும் அக்கால வழக்கு. ஆக, இவர் பேரறிஞரல்லர். நூல் எதுவும் எழுதியவருமல்லர். 1574-இல் இறக்கும்வரை 54 ஆண்டுகள் அந்த ஒரே ஊரின் குருவாக இருந்தார். ஆண்டுதோறும் பொறுப்பாளர்களின் கணக்கைத் தம் கையால் எழுதி, கூடியிருந்த மக்கள் முன்னிலையில் உரக்கப் படித்தார். எனவேதான் அந்த ஏட்டில் எண்களோடு ஒரு மனிதரின் குரலும் கேட்கிறது. மகிழ்ச்சியும் சலிப்பும் நன்றியும் கண்டிப்பும் அதன் வரிகளுக்கிடையே கலந்திருக்கின்றன.

முறை வைத்துக் காத்த விசுவாசம்

டிரிக்கி அடிகள் வந்தபோது அந்தச் சிறிய கோவிலில் புனிதர்களின் சுரூபங்கள் பல இருந்தன. ஒவ்வொரு சுரூபத்தின் முன்பும் விளக்கு எரிந்தது. விளக்குகளுக்கு வேண்டிய மெழுகிற்கென்று தனித்தனி நிதிகள் இருந்தன. அன்னை மரியாவுக்கு ஒன்று, புனித ஜார்ஜியாருக்கு ஒன்று, புனித அந்தோனியாருக்கு ஒன்று. ஊர் இளைஞர்களுக்கு ஒன்று, கன்னிப் பெண்களுக்கு ஒன்று. ஒவ்வொரு நிதிக்கும் தனிப் பொறுப்பாளர்களும் தனிக் கணக்கும் உண்டு.

இந்நிதிகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி ஆடுகளிலிருந்து வந்தது. அன்னையின் ஆடு, ஜார்ஜியாரின் ஆடு என்று கோவிலுக்கு உரிய ஆடுகளை வீடுகளிலே பகிர்ந்து விட்டிருந்தனர். ஒவ்வொரு குடும்பமும் தன் மந்தையோடு கோவில் ஆட்டையும் மேய்த்தது. கத்தரித்த கம்பளி விற்ற பணம் அந்தப் புனிதரின் நிதிக்குச் சேர்ந்தது. ஆடு இறந்தால் அதுவும் கணக்கில் ஏறியது. புனிதரின் விளக்கு எரிவதற்கென்று தேனீக் கூட்டத்தைக் கொடுத்தவரும் உண்டு. தேனும் மெழுகும் தரும் கொடை அது. இவற்றோடு, ஊரார் பார்லி மது காய்ச்சிக் கோவில் இல்லத்தில் கூடி உண்டு மகிழும் விழாக்களும் நிதி திரட்டும் வழியாக இருந்தன.

தலைமைப் பொறுப்பு வீட்டு முறைப்படி மாறி வந்தது. செல்வர் வீடு, எளியவர் வீடு என்ற வேறுபாடு அதில் இல்லை. கணவனை இழந்த பெண் குடும்பத் தலைவியாயிருந்தால் அவளும் அப்பொறுப்பை ஏற்றாள். நாம் இங்குச் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். திருமறையை எழுதப் படிக்கத் தெரியாத ஓர் உழவன், அன்னையின் ஆடு தன் பட்டியில் நிற்பதை நாள்தோறும் கண்டான். பனிக்காலத்தில் அதற்குத் தீனி வைத்தான். ஞாயிறன்று கோவிலுக்குச் சென்றபோது எரியும் விளக்கில் தன் பங்கு இருப்பதை அறிந்தான். அவனுடைய விசுவாசம் சொல்லாக மட்டும் இல்லாமல் ஒரு பொறுப்பாகவும் அவன் கையில் இருந்தது.

புதிய குருவும் தம் பங்குக்கு ஒன்று கொண்டுவந்தார். எக்ஸிடர் நகரின் கன்னி மறைசாட்சியான புனித சிட்வெல்மீது அவருக்குத் தனி அன்பு. சொத்தாசை கொண்ட சிற்றன்னையின் ஏவலால் அரிவாளுக்கு இரையானவர் என்று அவரைப்பற்றி மரபு கூறும். அவருடைய சுரூபத்தை டிரிக்கி அடிகள் கோவிலில் வைத்தார். மெல்ல மெல்ல ஊரார் அப்புனிதரைத் தம்மவராக்கிக்கொண்டனர். பெண் குழந்தைகளுக்கு அப்பெயர் இட்டனர். ஒருவர் தம் மனைவியின் வெள்ளித் திருமண மோதிரத்தைக் கொடுத்தார். அவ்வெள்ளியும் சேர்ந்து புனிதரின் சுரூபத்திற்கு வெள்ளிப் பாதுகை ஆயிற்று.

1534 நவம்பரில் ஒரு நாள் இரவு கோவிலில் திருடன் புகுந்தான். திருப்பலிக் கிண்ணமும் அந்த வெள்ளிப் பாதுகையும் களவு போயின. அப்போது எவரும் கட்டளையிடாமலே ஊரின் இளைஞரும் கன்னிப் பெண்களும் ஒன்றுகூடித் தம்மிடையே பணம் திரட்டிப் பங்கிற்கு எச்செலவும் வைக்காமல் புதிய கிண்ணம் ஒன்றை வாங்கித் தந்தனர். இதனை எழுதும்போது குருவின் எழுத்தில் தந்தையின் பெருமிதம் தோன்றுகிறது.

இவ்வூரை மண்ணுலக விண்ணகமாக நாம் எண்ணிவிடலாகாது. கோயிற்பிள்ளைக்குச் சம்பளம் கொடுப்பது யார், எவ்வளவு என்ற வழக்கு 1530-களில் பல ஆண்டுகள் ஊரைப் பிளந்தது. வெளியிலிருந்து பெரியவர்கள் வந்து நடுவர்களாக அமர்ந்த பின்னரே அமைதி திரும்பியது. பூசல் இல்லாத பங்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பூசல் வந்தபோதும் ஒரே மேசையைச் சுற்றி அமர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. அதுவே அவர்களைக் காத்தது.

கறுப்புத் திருவுடை

அந்த ஏட்டில் நம் நெஞ்சை மிகவும் தொடும் செய்தி ஒன்று உண்டு. இறந்தோருக்கான திருப்பலிக்கு உரிய கறுப்புத் திருவுடைத் தொகுதி ஒன்று தம் கோவிலுக்கு வேண்டும் என்று டிரிக்கி அடிகள் விரும்பினார். ஏழைப் பங்கு, உடையோ விலை மிக்கது. எனவே கோவில் ஆடுகளின் கம்பளியிலிருந்து தமக்கு வரவேண்டிய பத்திலொரு பங்கை விட்டுக்கொடுத்து, அதைச் சிறுகச் சிறுகச் சேர்த்துவந்தார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் இவ்வாறு சென்றன. இறுதியில் 1547-இல் உடை வந்து சேர்ந்தது.

காலத்தின் கொடுமையை என்னென்பது! அதே 1547-ஆம் ஆண்டு சனவரியில் எட்டாம் ஹென்றி இறந்தார். ஒன்பதே வயதான ஆறாம் எட்வர்டு அரியணை ஏறினார். அவர் பெயரால் ஆண்டவர்கள், இறந்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பதற்கென ஏற்பட்ட அறக்கட்டளைகளை அவ்வாண்டின் இறுதியிலேயே சட்டத்தால் ஒழித்தனர். உத்தரிக்கும் தலம் என்னும் கோட்பாடே மூடநம்பிக்கை என்றனர். 20 ஆண்டுகள் காத்து வாங்கிய உடைக்கு ஈராண்டுக்குள் பயன் இல்லாமற்போயிற்று.

புயல்

மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1534-இல் ஹென்றி தம்மை இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராக்கிக்கொண்டபோது மோர்பாத்தில் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. 1536-இல் சிறு துறவு மடங்களைக் கலைக்கும் சட்டம் வந்தது. பார்லிஞ்ச் மடமும் அழிந்தது. அதன் வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்று மோர்பாத் கோவிலுக்கு வந்து சேர்ந்தது. 1538-இல் சுரூபங்களின் முன் விளக்கு ஏற்றலாகாது என்ற ஆணை பிறந்தது. விளக்கு அணைந்தபின் விளக்கிற்கான நிதி எதற்கு? புனிதர்களின் நிதிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

1548-இல் சுரூபங்கள் எல்லாவற்றையும் அகற்றுமாறு அரசு ஆணையிட்டது. சிட்வெல் போனார், ஜார்ஜியாரும் போனார். கோவில் ஆடுகளை விற்றுவிட்டனர். விழாக்கள் நின்றன. முன்பு அன்பாலும் மகிழ்ச்சியாலும் வந்த வருவாய் வற்றிப்போகவே, செலவுகளுக்கு வரி தண்ட வேண்டியதாயிற்று; பங்கு கடனில் மூழ்கியது. பொறுப்புகள் பல வீடுகளில் பரவியிருந்த நிலை மாறி, ஒருசிலர் கணக்குப் பார்க்கும் நிலை வந்தது. சுரூபங்கள் விழுந்ததை வரலாற்று நூல்கள் பேசும். வீடுகளிலிருந்து ஆடுகள் அகன்றதை இந்தக் கணக்கேடே பேசுகிறது. இரண்டாவது இழப்பே ஆழமானது என்று நாம் எண்ணுகிறோம். விழுந்த சுரூபத்தை மீண்டும் செய்துவிடலாம். கலைந்துபோன பழக்கத்தை மீண்டும் செய்வது எளிதன்று.

1549 சூன் 9, தூய ஆவியார் பெருவிழாவன்று, இலத்தீன் திருப்பலிக்குப் பதிலாக ஆங்கில வழிபாட்டு நூல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. மறுநாளே டெவனின் சாம்ஃபோர்டு கோர்ட்னி ஊர் மக்கள் பழைய திருப்பலியையே நிறைவேற்றுமாறு தம் குருவை வற்புறுத்தினர். கிளர்ச்சி பரவியது. கார்ன்வால் மக்களும் சேர்ந்தனர். சூலை 2 முதல் ஒரு மாதத்திற்கு மேலாக எக்ஸிடர் நகரை அவர்கள் முற்றுகையிட்டனர். மோர்பாத் என்ன செய்தது? ஊர் இளைஞர் ஐவரை, நகருக்கு வெளியே புனித தாவீது குன்றில் இருந்த கிளர்ச்சிப் பாசறைக்கு அனுப்பியது. அவர்களுக்கு ஆயுதமும் வழிச்செலவும் கொடுத்தது ஊர்ப் பணம். அதனைக் கணக்கில் எழுதியவர் நம் டிரிக்கி அடிகள். தெளிவற்றிருந்த அந்த வரிகளின் பொருளை எடுத்துக்காட்டியவர் டஃபி. அமைதியையே நாடிய ஒரு குருவின் ஊர், தன் பிள்ளைகளை அரசனுக்கு எதிராக அனுப்பியிருக்கிறது!

அரசுப் படை செருமானிய, இத்தாலியக் கூலிப் படைகளுடன் வந்தது. ஆகஸ்ட் 6-இல் முற்றுகை முறிந்தது. ஆகஸ்ட் 17-இல் சாம்ஃபோர்டு கோர்ட்னியில் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. எக்ஸிடரை அடுத்த புனித தோமையார் பங்கின் குரு இராபர்ட் வெல்ஷ், நகரைத் தீக்கிரையாக்க முயன்றவர்களைத் தடுத்தவர். இருந்தும் அவரைத் திருவுடையுடன் அவருடைய கோவில் கோபுரத்திலேயே தூக்கிலிட்டனர். மோர்பாத்திலிருந்து சென்ற ஐவருள் சிலருடைய பெயர்கள் அதன்பின் கணக்கேட்டில் தென்படவில்லை.

இங்கு ஒரு கேள்வி எழும். தாய்மொழியில் திருவழிபாடு நல்லதுதானே? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திறந்துவிட்ட வாயில் அதுதானே? அதற்கு எதிராகவா இம்மக்கள் உயிர்விட்டனர்? மேற்போக்காகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கார்ன்வால் மக்களுள் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர்களுக்கு அது தாய்மொழியே அன்று. மேலும் அந்த நூல் மொழியை மட்டும் மாற்றவில்லை. திருப்பலியின் பொருளையும் இறந்தோர்மீது உயிருள்ளோர் கொண்ட உறவையும் அது மாற்றிற்று. திருச்சபை தன் பிள்ளைகளோடு சேர்ந்து செபித்துத் தேர்ந்து ஏற்கும் மாற்றம் ஒன்று. அரசின் வாள்முனையில் வந்திறங்கும் மாற்றம் வேறொன்று. சொற்கள் ஒத்திருந்தாலும் இரண்டும் ஒன்றாகா.

மீட்சியும் மீளாமையும்

1553-இல் எட்வர்டு இறந்தார். கத்தோலிக்கரான மேரி அரசியானார். அப்போது மோர்பாத்தில் வியப்பான ஒன்று நிகழ்ந்தது. வீடுகளிலிருந்து பொருள்கள் வெளிவரத் தொடங்கின. பாடுபட்ட சுரூபத்தின் இருபுறமும் நிற்கும் மாதா, அருளப்பர் உருவங்கள், திருவுடைகள், புத்தகங்கள் ஆகியவை ஒவ்வொருவரும் மறைத்து வைத்திருந்த இடங்களிலிருந்து கோவிலுக்குத் திரும்பின. எட்வர்டு காலத்தில் கோவில் தேய்ந்துகொண்டே வந்ததையும், மேரியின் காலத்தில் அது மீண்டதையும் டிரிக்கி அடிகள் நன்றி பெருக எழுதினார். கொண்டுவந்து கொடுத்தவர்களை நல்ல விசுவாசிகள் என்று பாராட்டினார். கோவில் ஆட்டை முறை வைத்துக் காத்த கைகளே கோவில் உடைமைகளையும் காத்திருந்தன.

எனினும், பழைய நிதிகளும் விளக்குகளின் நீண்ட வரிசையும் முன்போல் முழுமையாக மீளவில்லை. காலமும் போதவில்லை. ஐந்தே ஆண்டுகளில், 1558-இல், மேரி இறந்தார். எலிசபெத் ஆட்சியில் 1559-இல் திருப்பலி மீண்டும் சட்டத்தால் நீக்கப்பட்டது. பீடம் அகன்றது, மரமேசை வந்தது. ஒருவர் தவிர ஆயர்கள் அனைவரும் அரசியின் தலைமையை ஏற்க மறுத்துப் பதவி இழந்தனர். பங்குக் குருக்களுள் பெரும்பாலோர் தங்கிவிட்டனர். டிரிக்கி அடிகளும் தங்கிவிட்டார். கணக்கேட்டின் கையெழுத்து மாறவில்லை.

இவரை நாம் எப்படித் தீர்ப்பிடுவது? 1535-இல் தலை கொடுத்த புனித ஜான் ஃபிஷரையும் புனித தாமஸ் மூரையும் வணங்கும் நமக்கு, பணிந்துபோன ஒரு குருவைப் புகழ மனம் வராது. டெவனிலேயே மற்றொருவர் பிறந்தார்: புனித கத்பெர்ட் மெய்ன். சீர்திருத்தச் சபையில் வளர்ந்து அதிலேயே குருவான அவர், பின்னர்க் கத்தோலிக்க விசுவாசத்தைத் தழுவினார். கடல் கடந்து தூவே குருமடத்தில் பயின்று 1575-இல் குருவானார். தாயகம் திரும்பி 1577 நவம்பரில் கார்ன்வாலின் லான்செஸ்டனில் உயிர்ப்பலியானார். அவருக்கு 33 வயதே ஆகியிருந்தது. 1970-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. டிரிக்கி இறந்து மூன்றே ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த மறைசாட்சியம் இது.

டிரிக்கி அடிகள் மறைசாட்சியல்லர். தங்கியதால் அவர் தம் மக்களைக் கைவிடவில்லை என்பது உண்மை. அவர்களுக்குத் திருமுழுக்கு அளித்தார். அவர்களை அடக்கம் செய்தார். சண்டையிட்டபோது சமாதானம் செய்தார். அவர் சென்றிருந்தால் அவ்விடத்தில் வந்திருக்கக்கூடியவர் அவர்களின் பெயர்களைக்கூட அறிந்திருக்கமாட்டார். ஆனால் மற்றோர் உண்மையும் உண்டு. உடைகளை மறைத்துக் காத்த ஊர், அவர் கண் முன்னரே, அவரது வழிகாட்டுதலிலேயே, அமைதியாக ஆங்கிலிக்கன் ஊராயிற்று. அவர் ஊரைச் சிதறாமல் காத்தார். ஆனால் தாம் பெற்றதை முழுமையாக அவர்களுக்குக் கையளிக்க அவரால் இயலவில்லை. இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்வதே நேர்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது அவருக்கும் நீதியன்று. கத்பெர்ட் மெய்ன் சிந்திய இரத்தத்திற்கும் நீதியன்று.

நமக்கு

மோர்பாத்தின் ஜார்ஜியார் கோவில் இன்றும் நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அது பெரிதும் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. சிட்வெல்லின் வெள்ளிப் பாதுகையும் விளக்குகளும் இன்று இல்லை. கணக்கேடுதான் எஞ்சியிருக்கிறது. அதை மூடும்போது ஓர் எண்ணம் நம்மை விட்டகல மறுக்கிறது. பங்கு என்பது கட்டடமன்று என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். பிறகு அது என்ன? ஒவ்வொரு வீட்டின் பட்டியிலும் கோவிலுக்கென்று ஓர் ஆடு நிற்பதே பங்கு. நன்கொடைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போவது ஒன்று. பனியிலும் மழையிலும் பேணி வளர்க்க வேண்டிய ஒரு பொறுப்பைத் தன் வீட்டில் வைத்திருப்பது வேறொன்று. முன்னதைச் செய்பவர்களுக்குக் கோவில் குருவினுடையது. பின்னதைச் செய்பவர்களுக்கே அது தம்முடையது. புயல் வரும் நாளில் எதை எடுத்து மறைத்துக் காக்க வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இறந்தோருக்காகச் செபிக்க 20 ஆண்டுகள் பொருள் சேர்த்தவர் டிரிக்கி அடிகள். 1574-இல் அவர் இறந்தபோது, அந்தக் கறுப்புத் திருவுடையணிந்து அவருக்காகத் திருப்பலி நிறைவேற்றச் சட்டம் இடம் தரவில்லை. நமக்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை. வரும் நவம்பர் மாதத்தில், ஆன்மாக்களை நினைவுகூரும் திருப்பலியில், நம் பெற்றோர், உற்றாரின் பெயர்களோடு இந்த ஏழைப் பங்குக் குருவின் பெயரையும், ஊரார் கொடுத்த வழிச்செலவோடு புறப்பட்டுப்போன அந்த ஐந்து இளைஞரையும் இறைவனின் இரக்கத்திற்கு ஒப்புக்கொடுப்போம். நித்திய இளைப்பாற்றியை ஆண்டவர் அவர்களுக்கு அருள்வாராக.